பேட்டன்ட் எடுத்த யானைத் தகடு

உன்னிச்சைக் குளத்தடியில் ஒரு கிழமையாக ஒரே சனம். வான் வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் உழவு மெசினிலுமாக வந்து குவிந்தார்கள். காரணம், யானை விரட்டும் செப்புத் தகடு. தகடு விற்கிற சாமியார் நமக்கென்ன புதுசா? ஆனால் இவர் பேட்டன்ட் எடுத்த சாமியார். அதுவும் அமெரிக்காவில்!

கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆங்கிலத்தில் ஒரு தாள், சிவப்பு முத்திரை, நீளமாய் ஓர் எண். அந்த எண்ணுக்குத்தான் சந்தனப் பொட்டு, பூமாலை, கற்பூரம் எல்லாம். முன்பெல்லாம் சாமி கனவில் வந்து சொன்னால் போதும். இப்போது சாமிக்கும் சான்றிதழ் வேண்டியிருக்கிறது. சனம் அவ்வளவு படித்துவிட்டது! சிலர் அந்த எண்ணை எழுதித் தாயத்துக்குள் சுருட்டிப் பிள்ளைகளுக்குக் கட்டினார்கள். ஒருவர் உழவு மெசினின் நெற்றியிலேயே எழுதிவிட்டார்.

"வயல் வட்டையின்ர நாலு மூலையிலயும் தகட்ட மண்ணுக்குள்ள தாட்டா, யானை வரம்புல கால் வைக்காது. ஆனா காவலுக்குப் போகப்படா, வெடி கொளுத்தப்படா. சந்தேகப்பட்டா தகடு வேலை செய்யாது" என்றார் தகட்டுச் சாமி.

யானை வராவிட்டால் பெருமை தகட்டுக்கு. வந்தால் குற்றம் உங்கள் சந்தேகத்துக்கு. எப்படிப் பார்த்தாலும் சாமிக்குச் சேதமில்லை.

நல்லரத்தினமும் தகடு வாங்கித் தன் வயலில் தாட்டுவிட்டார். கதிர் முற்றி வெட்டுக்கு நிற்கிற நெல் வேளாண்மை, வீட்டுக்கு ஒரு வருடச் சோறு. போன வருடம் யானை தின்ற மிச்சத்தைத்தான் அந்த வீடு சாப்பிட்டது. அப்படிப்பட்ட மனிதர் காவல் பரணைப் பிரிக்கப் புறப்பட்டார்.

மனைவி அஜந்தா குறுக்கே நின்றாள். "இஞ்சேருங்க, பரணப் பிரிச்சாப் பிறகு யானை வந்தா என்ன செய்யிற?"

"என்னகா கதைக்கிறாய்? பேட்டன்ட் எடுத்த தகடுகா! அமெரிக்காக்காரன் சோதிக்காமலா குடுத்திருப்பான்?"

"ஒரு நாள் பொறுங்க. நான் டவுனுக்குப் போய்வாறன்."

கண்ணாடிச் சட்டத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினாள். நேரே நூலகம். அங்கே நூலகர் நோறா இருந்தாள்.

"மிஸ், இந்தப் பேட்டன்ட நாம பாக்க ஏலுமா?"

"ஆரும் பாக்கலாம் தங்கச்சி. புதுசா ஒண்டக் கண்டுபிடிச்சவன், அத எப்பிடிச் செய்யிற எண்டு ஒளிக்காம எழுதிக் குடுக்கணும். அதுக்குப் பதிலாக் கொஞ்சக் காலத்துக்கு மத்தவன் அதச் செய்து விக்க ஏலாது. அவ்வளவுதான். யானையக் கூட்டிவந்து ஆரும் சோதிக்கிறதில்ல."

நோறா எண்ணைக் கணினியில் அடித்தாள். கற்பூரம் கேட்காமலே ஆவணம் திரைக்கு வந்தது.

"முதல் பக்கத்தில தலைப்பு, கண்டுபிடிச்ச ஆள்ர பேர், சுருக்கம். மறுகா படம், செய்முறை. கடைசியில நம்பர் போட்டிருக்கிறதுதான் முக்கியம். எதுக்கு உரிமை கேக்கிறான் எண்டு அதிலதான் இருக்கும்."

அஜந்தா படத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. அச்சடித்து வாங்கிக்கொண்டு, சாமியின் பின்னேரப் பூசைக்கே வந்து சேர்ந்தாள்.

"சாமி, தகட்டுக்குள்ள என்ன இருக்கு?"

"அது தேவ ரகசியம். வெளியில சொல்லப்படா."

"ரகசியமெண்டா பேட்டன்ட் இல்ல. பேட்டன்ட் எண்டா ரகசியமில்ல. இதில எது பொய்?"

சாமி கண்ணை மூடினார். தியானமாம்.

அஜந்தா தாளை விரித்துச் சனத்துக்குக் காட்டினாள். "இந்தாங்க, நீங்க மாலை போட்ட நம்பர். பண்டிக்குத் தீன் வைக்கிற தொட்டி!"

படத்தைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் தேவைப்படவில்லை. தொட்டியின் இரண்டு பக்கமும் இரண்டு பன்றிகள். தாயத்துக் கட்டியவர்கள் பிள்ளைகளின் கழுத்தைத் தடவினார்கள்.

சாமி கண்ணைத் திறந்தார். "பண்டியெண்டு இகழாத தாயே! அது வராக அவதாரம்!"

வெட்கக்கேடு, இரண்டொருவர் கும்பிடவும் தொடங்கிவிட்டார்கள்.

"சரி சாமி, நம்பிறன்" என்றாள் அஜந்தா. "எங்கட வட்டையில நாலு மூலையிலயும் உங்கட தகடு இருக்கு. இண்டைக்கு ராவைக்கு நடுவில நீங்களே படுங்க. பாய் நான் தாறன்."

சாமி எழும்பித் தன் வான் வண்டிப் பக்கம் நடந்தார். ஓட்டமாவடியில் அவசரமாய் ஒரு பூசை இருக்கிறதாம். முஸ்லிம் ஊரில் இவருக்கு என்ன பூசையோ!

வண்டியில் ஏறப்போனவரை நல்லரத்தினம் மறித்தார். "நீங்க படுக்கப் பயப்பிடுற இடத்தில, என்ட பிள்ளையள்ர சோத்த விட்டுட்டு நான் நித்திரை கொள்ளுறதா?"

சாமி வண்டியின் மறுபக்கத்தால் வயலுக்குள் குதித்து ஓடினார். நல்லரத்தினம் யானை வெடியை எடுத்துக்கொண்டு பரணுக்குப் போனார்.

பொழுதுபட யானை வந்தது. தகடு தாட்ட மூலையால்தான் வரம்பேறியது. வெடிச் சத்தம் கேட்டதும் காட்டுப் பக்கம் கிறுகி ஓடியது. வேளாண்மை தப்பியது.

யானையைக் குறை சொல்ல முடியாது. அதற்கு வாசிக்கத் தெரியாது. அதனால் பேட்டன்ட் எண்ணைக் கண்டு அது மயங்கவில்லை. வாசிக்கத் தெரிந்த நாம்தான், வாசிக்காமலே கும்பிட்டோம்.