குஷன் அண்ணனும் இருபதாவது நிமிடமும்

பினாங்குத் தீவில் விற்பனைக்கு வந்த எல்லாக் கார்களிலும் உட்கார்ந்து பார்த்தவர் ஒருவர் உண்டென்றால் அது குஷன் அண்ணன்தான். அவற்றில் ஒன்றைக்கூட வாங்காதவரும் அவரேதான். டவுனிலிருந்து பாயான் லெப்பாஸ் வரைக்கும் எந்தக் கார் ஷோரூமுக்குப் போய் அவர் பெயரைச் சொன்னாலும், அங்கே குறைந்தது ஒரு சேல்ஸ்மேனாவது நெற்றியைப் பிடித்துக்கொள்வார்.

பீச் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் பில் போடும் பிரிவு. அவர் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்ப்பவர். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது, லீவு ஃபாரத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் அக்குளில் எந்நேரமும் ஒரு பச்சைக் குஷனை இடுக்கிக்கொண்டு திரிகிற மனிதரை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? எங்கள் சீன முதலாளிகூட ‘மிஸ்டர் குஷன்’ என்றுதான் கூப்பிடுவார்.

இளம் வயதில் பிறை என்கிற ஊரில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கியபோது முதுகெலும்பில் டிஸ்க் விலகிவிட்டதாம். அதற்குப் பிறகு அவர் பார்க்காத டாக்டர் இல்லை, ஊசி குத்தாத சீன வைத்தியர் இல்லை, தேய்க்காத தைலம் இல்லை. நிற்கலாம், நடக்கலாம், படுக்கலாம். உட்கார்ந்தால் மட்டும் அதிகபட்சம் இருபது நிமிடம்தான். இருபதாவது நிமிடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மெதுவாகத் துடைப்பார். வலி வந்துவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை வந்துவிட்டால் அன்றைய நாள் முடிந்தது, எழுந்து நின்றாலும் போகாது.

அதனால் ஆபீஸில் அவர் உட்காருவதே இல்லை. ஃபைல் அலமாரிமேல் இரண்டு காகிதப் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் கம்ப்யூட்டரை ஏற்றி வைத்து நின்றுகொண்டே வேலை செய்வார். இன்றைக்கு நின்று வேலை செய்யும் மேசை என்று கடைகளில் தனியாக விற்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாரும் இவர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, போவதற்குள் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று முதலில் அவரிடமே ஓடுவார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம், வேலை முழுக்க அவர் தலையில் விழுந்தது.

இப்படிப்பட்டவருக்கு எதற்குக் கார்? அதற்குக் காரணம் கடல் பாலம் தாண்டி, அக்கரையில் நிபோங் திபாலில் இருந்தது. அங்கே அவருடைய ஒரே தங்கை இருந்தார். மனைவி மக்கள் இல்லாத அண்ணனுக்குத் தங்கைதான் உறவு. ஆனால் தங்கை புது வீடு குடிபோனபோது அவர் போகவில்லை. தங்கை மகள் பெரியவளானபோது தாய்மாமன் போயே தீரவேண்டும், அதற்கும் போகவில்லை. அன்றிலிருந்து தங்கைக்கு மனத்தாங்கல். ஒருநாள் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்ததால், தங்கை கேட்டதை ஆபீஸே கேட்டது.

“தெனமும் நடந்து வேலைக்குப் போறீங்க, பசாருக்குப் போறீங்க. எங்க வீட்டுக்கு வர்றதுக்கு மட்டும்தான் உங்க முதுகு வலிக்குமாண்ணே?”

அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “அவமேல தப்பில்ல தம்பி. ஒடஞ்ச காலுன்னா கட்டு போட்டுக் காட்டலாம். முதுகுக்கு என்னத்தக் காட்டுறது?”

பஸ்ஸில் நின்றுகொண்டே போகலாமே என்று கேட்டேன். போனாராம். நரைத்த தலையைப் பார்த்து ஏழு பேர் எழுந்து இடம் கொடுத்தார்களாம். ஏழாவது அம்மாள், தன் இடத்தை அவர் மறுத்ததற்குக் கோபித்துக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டாராம். அந்தச் சண்டையைத் திரும்பிப் பார்த்த டிரைவர் பிரேக் போட, அண்ணன் விழுந்து இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தார்.

“அப்ப காருல பின் சீட்டுல படுத்துக்கிட்டே போலாமேண்ணே?”

“தாய்மாமன படுக்க வெச்சு கொண்டுபோறது ஒரே ஒரு ஊர்வலத்துக்குத்தான் தம்பி. அதுக்கு இன்னும் நாள் இருக்கு.”

ஆகவே அவருக்கு வேண்டியிருந்தது நிபோங் திபால் வரைக்கும், அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம், உட்காரவிடுகிற ஒரு கார். அதைத் தேடுவதில்தான் சிக்கல்.

“டெஸ்ட் டிரைவ்னு பத்து நிமிஷம்தான் சுத்த விடுறாங்க. பத்து நிமிஷத்துல எல்லா காடியும் நல்ல காடிதான். என் முதுகு இருபதாவது நிமிஷத்துலதானே வாயத் தொறக்குது?”

அதனால் சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு ஷோரூமுக்குப் போவார். காட்சிக்கு நிறுத்தியிருக்கும் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். ஃபிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றிக்கொண்டு தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து இரங்கல் பக்கம் வரைக்கும் படிப்பார். வலி வந்ததும் இறங்கி, ஒரு நோட்டில் அந்தக் காரின் பெயருக்கு நேராக நிமிடத்தை எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவார். ஒன்று பதினான்கு, ஒன்று பத்தொன்பது. ஒரு விலை உயர்ந்த ஜெர்மன் கார் ஒன்பதிலேயே படுத்துவிட்டது.

இதோடு விட்டிருந்தால் சேல்ஸ்மேன்கள் பொறுத்திருப்பார்கள். அவரைப் பார்த்தவர்கள் சும்மா இருக்க வேண்டுமே. ஒருமுறை ஒரு குடும்பம் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தே விட்டது. அந்த அம்மா போகிற போக்கில் எட்டிப் பார்த்து, “சீட்டு எப்படி இருக்கு அங்கிள்?” என்று கேட்டுவிட்டார்.

“பதினேழு நிமிஷம் சொர்க்கம்மா. அப்புறம் இடுப்புக்குக் கீழ ஒரு கட்ட வந்து முட்டும் பாருங்க, எமலோகம்.”

குடும்பம் அடுத்த ஷோரூமுக்குப் போய்விட்டது. அந்தச் சேல்ஸ்மேன் தமிழ்ப் பையன். அழாத குறையாகக் கேட்டான்: “என்னண்ணே இது? கொஞ்சம் மாத்திச் சொல்லக்கூடாதாலா?”

“மத்த எதுல வேணும்னாலும் பொய் சொல்லச் சொல்லு, சொல்றேன். சீட்டுல சொல்ல மாட்டேன். உக்காரப் போறது அவங்க முதுகுலா.”

இந்தக் கதையை அவரே வந்து சொல்ல, நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

இனி என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாவது கையாக வாங்கிய பழைய தகரம். கண்ணாடியை ஏற்ற ஒரு கை, இறக்க இரண்டு கை வேண்டும். முன்னால் இடதுபக்க சீட்டு நடுவில் குழி விழுந்து, ஓரத்தில் தையல் பிரிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். ஒருநாள் சாயங்காலம் சக ஊழியர் ஒருவரின் வீட்டு விசேஷத்துக்காக பிறைக்குப் புறப்பட்டோம். ‘இருபது நிமிஷத்துல அக்கரை போயிடலாம்ணே’ என்று சொல்லி அண்ணனையும் ஏற்றிக்கொண்டேன். பாலத்தின் நடுவில் ஏதோ விபத்து, கொட்டுகிற மழை, ஜாம். கார் நகரவே இல்லை.

இருபதாவது நிமிடம் வந்தது. நான் கடிகாரத்தையும் அவர் மூக்குக்கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் கை அங்கே போகவில்லை. முப்பது ஆனது, நாற்பது ஆனது. ஐம்பதாவது நிமிடத்தில் அண்ணன் சின்னப் பிள்ளைபோலச் சிரிக்க ஆரம்பித்தார்.

“தம்பி, ஒண்ணுமே இல்லடா! இந்த சீட்ட எவன் உக்காந்து கெடுத்தானோ, எனக்காகவே அளவெடுத்துக் கெடுத்திருக்கான்!”

ஒன்றே கால் மணி நேரம். அன்று அவர் பாட்டுக்கூடப் பாடினார், சகிக்கவில்லை. பிறைக்கு வந்து இறங்கியதும் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு, “இத எனக்குக் குடுத்துடு தம்பி, நீ கேக்குற வெல” என்றார்.

“போங்கண்ணே, இத வித்தா உங்கள ஏமாத்தினேன்னு ஊர் சொல்லும்” என்று சிரித்து மழுப்பினேன். அப்போதுதான் சொன்னார், தங்கை மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருக்கிறது, இரண்டு மாதத்தில் நிபோங் திபாலில். தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டும். இதற்கும் போகவில்லை என்றால் தங்கை இனி முகத்தில் விழிக்கமாட்டாள்.

“கவலைய விடுங்கண்ணே. இதே காடி, இதே சீட்டு. நானே ஓட்டுறேன்” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் அந்தக் காரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுத்தேன்.

மனைவி நச்சரித்தாள் என்று எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. ஷோரூமில் சலுகை அந்த வாரத்தோடு முடிகிறது என்றார்கள், வெள்ளைக் கார் விளக்கு வெளிச்சத்தில் மினுமினுத்தது, எனக்கு ஆசை வந்துவிட்டது. அண்ணனின் ஞாபகம் வராமல் இல்லை, வந்தது. புதுக் கார், புது சீட்டு, அவருக்கு இன்னும் சுகமாகத்தானே இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தீவில் உள்ள எல்லாக் கார்களையும் உட்கார்ந்து பார்த்த மனிதர் ஆபீஸில் என் பக்கத்திலேயே நிற்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் வாசலில் காட்டினேன். அண்ணன் கூரையைத் தட்டிக் கொடுத்தார். “நல்லா இருக்கு தம்பி. ஏசி நல்லா குளிரும்.” அப்புறம், “பழசு?” என்றார்.

“அதக் குடுத்துத்தாண்ணே இத எடுத்தேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நின்றுகொண்டு அவர் கண்ணாடி துடைத்ததை அன்று ஒருமுறைதான் பார்த்தேன்.

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை காலை. சீராக ஒரு பெரிய ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தார். அதை ஏற்றிக்கொண்டு ஒரு லோரி எங்கள் பின்னால் வந்தது. பட்டு வேட்டியும் சந்தனமும் பச்சைக் குஷனுமாக அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்சீட்டில் மனைவியும் சீர்த்தட்டுகளும். பாலத்துக்கு இந்தப் பக்கம், ஜெலுத்தோங்கைத் தாண்டுவதற்குள் அண்ணனின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது. பதினோரு நிமிடம். பிறகுதான் தெரிந்தது, அவர் நோட்டிலும் இந்தக் காருக்கு நேரே பதினொன்று என்றுதான் இருந்தது. மாதக்கணக்கில் அது அவருக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஓரமா நிறுத்து தம்பி” என்றார். இறங்கி லோரியின் பின்னால் ஏறினார். ஃபிரிட்ஜோடு சேர்த்து நிமிர்ந்து நின்றுகொண்டு, அதைக் கட்டியிருந்த அதே பெல்ட்டால் தன்னையும் கட்டச் சொன்னார். லோரிக்கார மலாய்க்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு இறுக்கிக் கட்டினார். கீழே சரிந்த குஷனை முதுகுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் செருகிவிட்டார்.

பாலம் முழுக்க நான் அந்த லோரிக்குப் பின்னாலேயே ஓட்டினேன். முன்னால் கடல் காற்றில் வேட்டி படபடக்க, ஃபிரிட்ஜுக்குத் தோழனாக அவர் நின்றுகொண்டு போகிறார். என் பக்கத்து சீட்டு காலியாக இருக்கிறது. தாண்டிப் போகிற மோட்டார்சைக்கிள்காரர்கள் கைகாட்டிச் சிரிக்கிறார்கள், அவரும் பதிலுக்குக் கைகாட்டுகிறார். “ஏசியக் கொஞ்சம் கொறைங்க” என்றாள் மனைவி. நான் ஏசியை அணைத்தேன்.

மண்டபத்து வாசலில் லோரி நின்றதும் நாதஸ்வரக்காரர்கள் சாமி புறப்பாடு என்று நினைத்தார்களோ என்னவோ, ஊதியே விட்டார்கள். கூட்டம் சிரித்தது. தங்கை ஓடிவந்தார். பெல்ட்டை அவிழ்த்து நாலு பேர் இறக்கியபோது அண்ணனால் காலை ஊன்ற முடியவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“அண்ணே... நெஜமாவே வலிக்குதாண்ணே?” என்று கேட்டு அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“சும்மா கொஞ்சம். ஃபிரிட்ஜ எறக்கச் சொல்லு, நிமுத்தியே வைக்கணும்” என்றார் அண்ணன்.

அந்தப் பயணத்தோடு அவர் முதுகு விடைபெற்றுக்கொண்டது. வேலைக்கு அவர் திரும்பவில்லை. தங்கை தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார், அது ஒன்றுதான் நல்லது நடந்தது. ஆபீஸில் அந்தக் காகிதப் பெட்டிகளை யாரும் எடுக்கவில்லை. நான் எடுக்க விடவில்லை.

என் பழைய காரைத் தேடிப் புறப்பட்டேன். பட்டர்வொர்த்தில் ஒரு பழைய கார் வியாபாரி அதை இன்னொருவருக்கு விற்றிருந்தார், அவரிடமிருந்து அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பிறையில் பழைய கார்களை வெட்டி விற்கிற கடையில் அதே மாடல், அதே நிறம் ஒன்று கிடந்தது. இடதுபக்க சீட்டைக் கழற்றி வாங்கினேன். ஓரத்துத் தையல் பிரிந்திருக்கவில்லை. பார்த்தும் பார்க்காததுபோல இருந்துகொண்டேன்.

நிபோங் திபாலில் தங்கை வீட்டு முன்வாசலில் அதைப் பலகைமேல் பொருத்தி வைத்தேன். அண்ணன் கைத்தடி ஊன்றி வந்து சுற்றிப் பார்த்தார். ஓரத்தை விரலால் தடவினார். பச்சைக் குஷனை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். தங்கை கோப்பி கொண்டுவந்தார், நான் பத்திரிகையை நீட்டினேன். ஷோரூமில் உட்கார்ந்த அதே தோரணை.

நான் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்தேன். இருபதாவது நிமிடத்தில் அவர் கை மூக்குக்கண்ணாடி வரைக்கும் போனது. என்னைப் பார்த்தார். கை அப்படியே இறங்கி, பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டியது.

“அதே சீட்டுதான் தம்பி” என்றார்.