ஒரு எதிர்த்தரப்பு தேவை

ஒரு கெட்ட வார்த்தையாவது எழுதிவிட்டுப் போயிருக்கலாம் என்று வசந்தாமணி நினைத்துக்கொண்டாள். திட்டு என்றால், யாரோ நம்மை மனதில் வைத்துப் பல்லைக் கடித்திருக்கிறார்கள் என்றாவது ஆகும். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. இது வெறும் மூன்று கோடு. கேரவனின் இடது பக்கம், கதவிலிருந்து பின்சக்கரம் வரை, அளவெடுத்து இழுத்த மாதிரி மூன்று கோடு. பக்கக் கண்ணாடியும் உடைந்து கிடந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம், செரிக்காத சோறு மாதிரி நெஞ்சிலேயே நின்றது.

"வீடா, வண்டியாங்க?" என்று கேட்டாள் பிரவீனா. காவல் நிலையத்தில் புகார்களைப் பதிவேட்டில் ஏற்றும் ரைட்டர் அவள்.

"கேரவனுங்க."

"அது தெரியுதுங்க. உள்ள என்னென்ன இருக்குது?"

"கட்டிலு, பெரிய கண்ணாடி, ஏசி, பாத்ரூமுங்க. கல்யாணப் பொண்ணுங்க அலங்காரம் பண்ணிக்கிற வண்டி. இப்பத் தோப்புலயும் தோட்டத்துலயும் கல்யாணம் வெக்கறாங்கல்லங்க, அங்க கொண்டுபோயி நிறுத்துவோம்."

"பாத்ரூம் இருந்தா வீடு மாதிரி ஆயிடுதே." பிரவீனா பேனாவால் கன்னத்தில் தட்டிக்கொண்டாள். "வீட்டுக்குச் சேதாரம்னா ஒரு செக்சன். வண்டிக்குன்னா வேற செக்சன். சார் வரட்டுங்க."

சார் என்பது எஸ்.ஐ. சந்திரசேகர். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், கோபமே வராதவர். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு யோசனை சொல்லி அனுப்புவார். அவர் நிலையத்தில் வழக்குகள் குறைவு, யோசனைகள் அதிகம்.

"கோடு விழறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்காம்மா?"

அவள் கைப்பேசியை நீட்டினாள். நாற்பது கல்யாணம், நாற்பது மணப்பெண்கள். எல்லாரும் கேரவனின் இடது பக்கத்தில் சாய்ந்து நின்று சிரித்தார்கள்.

"கோடு இருக்கிற எடத்தை மறைச்சுக்கிட்டே நிக்கிறாங்களேம்மா."

"அந்தப் பக்கந்தானுங்க வெளிச்சம் நல்லா விழுகும்."

"அப்ப கோடு முன்னாடியே இல்லைன்னு எப்படி நம்பறது?" அவர் வருத்தத்தோடு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணு பண்ணுங்க. கேமரா வைங்க."

புகார் வாங்கியதற்கு ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள்.

கணவன் தங்கசாமி சத்தீஸ்கரில் இருந்தான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு போனால் திரும்ப ஐந்து மாதம் ஆகும். இருபத்து மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் அவன் அவளிடம் எதற்குமே வேண்டாம் என்று சொன்னதில்லை. இதை அவள் தன் தங்கைகளிடம் அடிக்கடி சொல்லிக்காட்டுவாள். கேரவன் வாங்கி நாமக்கல்லில் பாடி கட்டலாம் என்று அவள் கேட்டபோதுகூட, சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "செய்யி சாமி" என்றான்.

கோடு விழுந்ததைக் கேட்டதும் போனில் ரொம்பவும் வருத்தப்பட்டான்.

"உனக்குத் தலைவலின்னா சொல்லு சாமி. ஈரோட்டு ஆளு ஒருத்தரு வண்டியக் கேட்டுக்கிட்டே இருக்கறாரு."

"தலைவலியெல்லாம் இல்லீங்க மாமா."

"அதுக்கில்ல. வண்டி வரலைன்னு ஒரு கல்யாணத்துல பேரு கெட்டாலும் அப்புறம் எந்திரிக்க முடியாது. அப்படி ஒண்ணு ஆச்சுன்னா கொடுத்துரலாம். என்ன?"

"செரிங்க மாமா."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்குச் சாயங்காலம் கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கட்டிலில் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். அவள் பிறந்த வீடு அண்ணனுடையது. இருக்கிற வீடு மாமனார் கட்டியது. இந்தப் பதினெட்டடி நீளத்துக்குத்தான் பதிவுப் புத்தகத்தில் அவள் பெயர் இருந்தது. இனி வண்டிக்கு என்ன ஆனாலும் மாமாவிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

கேமரா வைத்தாள். ஒன்பதாம் நாள் கேமராவைக் காணோம்.

"திருடினவன் கேமராவுல விழுந்திருப்பானே?" என்றார் சந்திரசேகர் உற்சாகமாக.

"விழுந்திருப்பானுங்க. அந்தப் படம் கேமராவுக்குள்ளயே இருக்குதுங்க சார்."

அவர் யோசித்தார். "அப்ப கேமராவைக் கண்டுபிடிச்சா ஆளைக் கண்டுபிடிச்சுடலாம்."

"ஆளைக் கண்டுபிடிச்சா கேமராவையும் கண்டுபிடிச்சுரலாமுங்க சார்," என்றாள் பிரவீனா, பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல்.

அடுத்த வாரம் ஸ்டெப்னி டயர் போனது. இந்த முறை சந்திரசேகருக்கே ரோஷம் வந்துவிட்டது.

"வண்டியைக் கொண்டுவந்து நம்ம ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள்ள விடுங்கம்மா. எவன் கை வெக்கிறான்னு பார்த்துடலாம்."

கொண்டுபோய் விட்டாள். பிடிபட்ட மணல் லாரிகளுக்கும் நசுங்கிய பைக்குகளுக்கும் நடுவே, ரோஸ் நிறக் கேரவன், சந்தைக்கு வந்த மணப்பெண் மாதிரி நின்றது. அன்று அவள் அயர்ந்து தூங்கினாள். திருடனுக்குப் பயந்து வண்டியைப் போலீசிடம் விட்டாயிற்று. இனி பயப்பட யார் இருக்கிறார்கள்?

புதன்கிழமை காலை வண்டியை எடுக்கப் போனாள். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அவள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு தென்னந்தோப்பில் கல்யாணம். மணப்பெண் யுவஸ்ரீ ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் செய்து, "ஆன்ட்டி, ஏசி நல்லா ஓடுதுங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டியை எடுக்க முடியாதுங்களே," என்றாள் பிரவீனா.

"ஏனுங்க?"

பிரவீனா எஸ்.ஐ.யின் அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நேத்துப் பெரிய அதிகாரி சோதனைக்கு வந்துட்டாருங்க. 'இந்த ரதம் யாருது, எந்தக் கணக்குல நிக்குது?'ன்னு கேட்டாரு. சாருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வழக்குச் சொத்துங்கய்யான்னு சொல்லிப்போட்டாரு. அப்பவே உங்க புகாரை வழக்காப் பதிஞ்சு, வண்டியக் கைப்பற்றினதா எழுதியாச்சுங்க."

"என்ற வண்டிய என்றகிட்ட இருந்தே கைப்பத்துனீங்களா?"

"கையெழுத்து மட்டும் நீங்க போடணுமுங்க."

சந்திரசேகர் வெளியே வந்தார். முகத்தில் நிஜமான சங்கடம் இருந்தது. "கோர்ட்டுக்குப் போய் எடுக்கலாம்மா. ஒரு மாசம் ஆகும்."

"நாளன்னைக்குக் கல்யாணமுங்க சார்."

"அப்ப ஒரே வழிதான். ராஜி. ரெண்டு தரப்பும் சமாதானமாப் போயிட்டோம்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா நாளைக்கே வண்டியை விட்டுடலாம்."

"எழுதித் தாரேனுங்க."

"எதிர்த்தரப்பு எங்கம்மா?"

"அதைத்தானுங்க உங்களக் கண்டுபிடிக்கச் சொன்னேன்."

"அது கஷ்டம்மா," என்றார் அவர் மனம்விட்டு. "நீங்களே யாராவது நல்ல ஆளாப் பார்த்துக் கூட்டிட்டு வாங்களேன்."

வெளியே வந்து வெயிலில் நின்று யோசித்தாள். எதிரி என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இல்லாத வாழ்க்கை வாழ்ந்திருக்கிறோமே என்று முதன்முறையாகக் குறைபட்டுக்கொண்டாள். அப்போதுதான் வேப்பமரத்தடியில் பீடியை அணைத்துவிட்டு எழுந்த சுப்பையனைப் பார்த்தாள்.

சுப்பையன் கேரவன் டிரைவர். இருபது வருடம் தங்கசாமியின் ரிக் வண்டியை ஓட்டியவர். இடுப்பு வலி வந்ததும் தங்கசாமிதான், "அம்முணிக்குத் துணையா இரு" என்று இங்கே விட்டுவிட்டுப் போனான்.

"அண்ணா, ஒரு உதவி. கோடு போட்டது, கேமராவ எடுத்தது, ஸ்டெப்னியக் கழட்டுனது எல்லாம் நீங்கதான்னு ஸ்டேஷன்ல சொல்லோணும்."

சுப்பையனின் முகம் சாம்பலாக வெளுத்தது. "நானுங்களா அம்முணி?"

"சும்மா பேருக்குத்தானுங்க. நான் மன்னிச்சுட்டேன்னு எழுதிக் கொடுத்துருவேன்."

"எனக்கு இது வேண்டாமுங்க. கைகாலு நடுங்குது."

"நடுங்குனா இன்னும் நல்லதுங்கண்ணா. அப்பத்தான் நம்புவாங்க. எதுல கீறுனேன்னு கேட்டா ஆணின்னு சொல்லுங்க. மத்ததெல்லாம் ஞாபகம் இல்லீன்னு சொல்லிருங்க."

அவர் அணைத்த பீடியைக் காலால் தேய்த்தார். "நெசமாவே மன்னிச்சுருவீங்களா அம்முணி?"

அந்தக் கேள்வியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. செய்யாத தப்புக்கு இப்படி மன்னிப்புக் கேட்கிற மனுசன் எந்த ஊரில் கிடைப்பான்.

வியாழக்கிழமை காலை இருவரும் சந்திரசேகரின் மேசைக்கு முன்னால் நின்றார்கள். அவர் சம்பிரதாயத்துக்காக விசாரிக்கத் தொடங்கினார்.

"எதுலய்யா கீறின?"

"ஆணியிலங்க," என்றார் சுப்பையன். வசந்தாமணி நிம்மதியாக மூச்சு விட்டாள். "ஆனா மொதக் கோட்டுலயே அது வளைஞ்சு போச்சுங்க. மிச்ச ரெண்டு கோடும் ஸ்பேனர் முனையில போட்டேனுங்க. அதான் அந்த ரெண்டும் கொஞ்சம் தடிச்சிருக்கும்."

அட, என்று இருந்தது அவளுக்கு. இந்த மனுசனை இத்தனை நாள் ஸ்டியரிங்கில் உட்காரவைத்து வீணாக்கிவிட்டோமே.

"கேமரா?"

"எங்கூட்டுப் பரண்மேல இருக்குதுங்க. கோழித் தீவனச் சாக்குக்குப் பின்னால, துண்டுல சுத்தி."

"போதுங்கண்ணா," என்று முணுமுணுத்தாள் வசந்தாமணி.

"ஸ்டெப்னி?"

"எங்கூட்டுக்காரி அதுமேல உக்காந்துதானுங்க துணி தொவைக்கறா."

சந்திரசேகர் பேனாவைக் கீழே வைத்தார். இருபது வருட உத்தியோகத்தில் இவ்வளவு ஒழுங்காக யாரும் அவரிடம் ஒப்புக்கொண்டதில்லை. ஆசை வந்துவிட்டது. ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, "பைக்கை எடுத்துக்கிட்டு இந்த ஆளு வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வாய்யா," என்றார்.

வசந்தாமணிக்கு வியர்த்தது. பரணில் ஒன்றும் இருக்காது. பொய்ச் சாட்சி ஜோடித்ததற்கு வேறு வழக்குப் போடுவார்களோ? அதற்கு என்ன செக்சனோ? கைப்பையில் யுவஸ்ரீயின் போன் அடித்தது. எடுக்கவில்லை. "ஏனுங்கண்ணா இப்படி அளந்தீங்க? இப்ப அவங்க போயி ஒண்ணுமில்லீன்னு திரும்பி வந்தா?" என்று காதருகில் கேட்டாள்.

சுப்பையன் தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முக்கால் மணி நேரத்தில் கான்ஸ்டபிள் திரும்பி வந்தார். பைக்கின் பின்னால் டயர் கட்டியிருந்தது. அதன் நடு வளையத்தில் வசந்தாமணி தானே தேர்ந்தெடுத்த ரோஸ் நிறம். ஈரம்கூடக் காயவில்லை; ஓரத்தில் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. கையில் துண்டில் சுற்றிய கேமரா.

அதை மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்கண்ணா?" என்றாள் வசந்தாமணி. குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

"ஓனருதானுங்க அம்முணி சொன்னாரு," என்றார் சுப்பையன். "ஈரோட்டு ஆளுக்கு அவரு எப்பவோ வாக்குக் கொடுத்துப்போட்டாருங்க. 'அவகிட்ட வேண்டாம்னு சொல்ல எனக்கு வாயி வரல சுப்பையா, நீயே சொல்லிரு'ன்னாரு. எனக்கும் வாயி வரலீங்க. அதான், நீங்களே சலிச்சுப்போயிக் கொடுத்துரட்டும்னு கோடு போட்டேன்."

சந்திரசேகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எதிர்த்தரப்பு வேண்டும் என்று கேட்டவருக்கு இப்போது இரண்டு கிடைத்துவிட்டது. சுப்பையனின் போனிலேயே சத்தீஸ்கருக்குப் பேசி, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். பின்னணியில் ரிக் பாறையைக் குடையும் சத்தம் கேட்டது.

"வசந்தா," என்றது தங்கசாமியின் குரல். "அது... கையெழுத்துப் போட்டுரு சாமி. எதானாலும் நான் வந்து பேசிக்கறேன்."

பிரவீனா ராஜித் தாளை அவள் பக்கம் நகர்த்திப் பேனாவை மேலே வைத்தாள். வைத்தவள் கையை உடனே எடுக்கவில்லை.

"குடும்ப விஷயம்மா," என்றார் சந்திரசேகர் இதமாக. "போட்டீங்கன்னா வண்டி இப்பவே உங்களுது. போடலைன்னா கேஸ் முடியற வரைக்கும் யாராலயும் எடுக்கவும் முடியாது, விக்கவும் முடியாது."

வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். "விக்க முடியாதுங்களா?"

"முடியாதும்மா."

ரிக் சத்தம் ஒரு கணம் நின்றது.

அவள் கைப்பையிலிருந்து தன் போனை எடுத்து யுவஸ்ரீயைக் கூப்பிட்டாள். "அம்முணி, நாளைக்கு அலங்காரத்துக்கு எங்க ஊட்டுக்கே வந்துருங்க. படுக்கற ரூம ஒழிச்சு வெக்கறேன். ஆமாங்க, ஏசி இருக்குது." போனை உள்ளே போட்டாள்.

"அப்ப இதும்மா?" சந்திரசேகர் தாளைத் தொட்டுக் காட்டினார். "ஒரே ஒரு வரிதான். 'எதிர்த்தரப்பினர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.' அதுக்குக் கீழ ஒரு கையெழுத்து."

வசந்தாமணி அந்த வரியை நிதானமாகப் படித்தாள். பேனாவை மூடி, தாளுக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள்.

"இருக்குதுங்களே சார்," என்றாள்.