துரு ஆய்வாளர் சங்கத்துக்குப் பெயர் மாற்றிய கதை

விஞ்ஞானிகளிடம் எதையும் முடிவு செய்யச் சொல்லாதீர்கள். முடிவு செய்ய மாட்டார்கள், சோதனை வைப்பார்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி ஒரு சோதனையை முன்மொழிந்து, ஸ்டூல் போட்டு ஏறி, என் கையாலேயே நடத்தியவள் நான்.

காரைக்குடியில் எங்கள் சங்கத்துக்குத் 'துரு ஆய்வாளர் சங்கம்' என்று பெயர். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, பிடிக்காமலிருக்க எதைப் பூசலாம் என்று ஆயுள் முழுக்க யோசிப்பவர்கள் கூடும் இடம். கல்லூரி ஆசிரியர்கள், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்குப் போக மனம் வராதவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. கழனிவாசல் பக்கம் ஒரு சின்னக் கட்டடம், வாசலுக்கு மேலே இரும்புத் தகட்டில் பெயர்ப்பலகை. 'துருச் சங்கம்' என்றால் ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். (அதில் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வண்டியின் மட்கார்டைக் காட்டி மருந்து கேட்பார். நான் டாக்டர் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.)

காலப்போக்கில் புதிய உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்குத் துருவில் ஆர்வமில்லை. பேட்டரி, குடிநீர்ச் சுத்திகரிப்பு, ஹைட்ரஜன் என்று வேறு வேறு வேலை. சரி, சங்கத்தின் நோக்கத்தை விரிவாக்குவோம் என்று பொதுக்குழுவில் பேச்சு வந்தது. டீ வருவதற்குள் ஒருமனதாக நிறைவேறியது. யாரோ ஒரு புண்ணியவான், "அப்ப பேரையும் மாத்தணும்ல?" என்று கேட்டார். டீ ஆறிப்போனது.

பெயரை மாற்றியே தீர வேண்டும் என்ற இளைஞர் அணிக்குத் தலைவர் கண்ணப்பன். பேட்டரி ஆய்வாளர். இன்னொரு தகுதியும் உண்டு, என் கணவர்.

"வெளியூர்ல பேசப் போனா, துருச் சங்கத்துலருந்து வந்திருக்காருன்னு மைக்குல சொல்றாக. பழைய இரும்பு வாங்க வந்தவன் மாதிரி பாக்குறாக. நாங்க என்ன செய்யிறது?" என்பது அவர் கட்சி.

மாற்றவே கூடாது என்ற அணிக்கு எங்கள் தலைவர் சாத்தப்பன் ஐயா. சங்கத்தைத் தொடங்கியவர், வாசல் பலகைக்குப் பூசிய துருத்தடுப்புப் பூச்சையும் தானே தயாரித்தவர். "இந்தப் பேர எடுத்துட்டா நான் எதுக்கு இங்குட்டு வரணும்? வீட்ல ஒக்காந்து டிவி பாத்துட்டுப் போறேன்," என்றார். டிவியை அவர் எவ்வளவு வெறுப்பவர் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வாக்கியத்தின் தீவிரம் புரியும்.

இரண்டு பக்கமும் விளையாட்டுக்குப் பேசவில்லை. இளைஞர்கள் தனியாகச் சங்கம் தொடங்கச் செக்காலையில் மாடி அறை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவின் பெயர் காலையில் ஒன்றாகவும் மதியம் ஒன்றாகவும் இருந்தது. நான் வேலையால் துரு, திருமணத்தால் பேட்டரி. அதனாலேயே என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். இவர்கள் பிரிந்தால் நான் ஒரு சங்கத்துக்குச் செயலாளர், எதிர்ச் சங்கத்துக்கு மனைவி. இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. வீட்டில் தோசைக்குச் சட்னி போதுமா என்று கேட்டால்கூட, "ஒங்க தலைவர்ட்ட கேட்டுச் சொல்றேன்" என்று பதில் வந்துகொண்டிருந்தது.

ஒருவழியாக வாக்கெடுப்பு நடந்தது. 'பொருள் மற்றும் ஆற்றல் ஆய்வாளர் பேரவை' என்ற புதுப்பெயர் ஜெயித்தது. சாத்தப்பன் ஐயா ஒரு நிபந்தனை போட்டார். புதுப்பலகை வரட்டும், பழைய பலகையை யாரும் தொடக் கூடாது. இளைஞர்கள் குதித்தார்கள். ஒரு வாசலில் இரண்டு பெயர் தொங்கினால் ஊர் சிரிக்காதா? அவர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

"சோதனை வச்சுப் பாத்துருவோமா?" என்றேன்.

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு பூச்சு எவ்வளவு நாள் தாங்கும் என்று சீக்கிரம் தெரிந்துகொள்ள அதன்மேல் உப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அதையே பழைய பலகைக்கும் செய்வோம். பெயர் மாற்று விழாவுக்குள் ஒரு பொட்டுத் துரு தெரிந்தால் பலகையை மரியாதையாக இறக்கிவிடலாம். தெரியாவிட்டால் அது அங்கேயே இருக்கும். இரண்டு தரப்பும் கை தட்டியது. தன் பூச்சு தோற்காது என்று ஐயாவுக்கு நம்பிக்கை. இத்தனை வருட வெயிலில் காய்ந்த பூச்சு ஒரு வாரம் தாங்காது என்று கண்ணப்பனுக்கு நம்பிக்கை. என்னை ஐ.நா. சபைக்கு அனுப்பாதது நாட்டுக்கு இழப்பு என்று எனக்கு நம்பிக்கை.

மளிகைக் கடையில் கல்லுப்பு வாங்கினேன். செடிக்குத் தெளிக்கும் தெளிப்பானில் கரைத்து ஊற்றி, காலையும் மாலையும் ஸ்டூலில் ஏறிப் பழைய பலகையை நனைத்தேன். தெருவில் போன ஒரு பெண் நின்று பார்த்துவிட்டு, "என்னக்கா, போர்டுக்குத் தண்ணி ஊத்துறீக? வளருமா?" என்று அக்கறையாகவே கேட்டார். அறிவியலை மக்களிடம் கொண்டு செல்வதும் எங்கள் விரிவான நோக்கங்களில் ஒன்று என்பதால் இறங்கி வந்து விளக்கினேன். அவர் பாதியிலேயே போய்விட்டார்.

இதற்கிடையில் புதுப்பலகை வந்தது. நான் ஆர்டர் கொடுத்தது. பளபளவென்று எவர்சில்வர் எழுத்துகள். அவற்றைப் பலகையில் பொருத்த, கடையில் உடனே கிடைத்த மெல்லிய இரும்பு ஆணிகளே போதும் என்று சொல்லிவிட்டேன். காரணம், அவசரம். எங்கள் தலைவருக்குச் சோதனையில் எவ்வளவு நம்பிக்கையோ அவ்வளவு நம்பிக்கை பஞ்சாங்கத்திலும் உண்டு. விழா வைத்த நாளில் வருவதற்குச் சிறப்பு விருந்தினருக்கு வசதிப்பட்டது, ஆனால் அன்று முகூர்த்தம் இல்லை. முகூர்த்தம் அதற்கு முந்தைய வாரம்தான் இருந்தது.

"நல்ல நேரத்துல மாட்டிரு ஆத்தா. மாட்டுனதுக்கப்புறம் துணியப் போட்டு மூடிரணும். விழா அன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் தெறந்து பாக்கக் கூடாது, சொல்லிட்டேன்," என்றார் ஐயா.

அந்த முகூர்த்தத்திலேயே மாட்டியாயிற்று. பழைய பலகைக்கு நேர் கீழே. மூடுவதற்கு, கல்யாணத்துக்கு வந்து நான் ஒருமுறையும் கட்டாத அரக்குப் பட்டுப் புடவையைக் கொடுத்தேன். இறுக்கமாகச் சுற்றிக் கட்டினோம். பிறகு நான் ஸ்டூலில் ஏறி, மேலே இருந்த பழைய பலகைக்கு வழக்கம்போல் உப்புத் தண்ணீர் அடித்தேன். அது வழிந்து கீழே இறங்கியது. விழா வரை தினமும் இப்படித்தான்.

இந்த இடத்தில், துருவைப் பற்றி ஒன்றுமே தெரியாத வாசகருக்குக்கூட ஒரு சந்தேகம் வந்திருக்கும். அதில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு வரவில்லை. எவர்சில்வரும் இரும்பும் ஒட்டி இருக்கக் கூடாது, உப்புத் தண்ணீர் படக் கூடாது, ஈரத்தைத் துணி போட்டு மூடவே கூடாது என்று மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்லுவேன். சொல்லிவிட்டு, பரீட்சையில் கேட்பேன் என்று மிரட்டவும் செய்வேன். புடவை அரக்கு நிறம் என்பதால் வெளியே ஒரு கறைகூடத் தெரியவில்லை.

விழா நாள். சென்னையிலிருந்து ஒரு மூத்த விஞ்ஞானி அம்மையார் வந்திருந்தார். வெள்ளைக் கைத்தறிப் புடவை, கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது. பின்கட்டில் பந்திக்கு ஏற்பாடு நடந்தது. முதலில் சோதனை முடிவு. ஏணி போட்டு, பூதக்கண்ணாடி வைத்து, இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவராக ஏறிப் பழைய பலகையைப் பார்த்தார்கள். ஒரு பொட்டுத் துரு இல்லை. நேற்று பூசியதுபோல் இருந்தது.

சாத்தப்பன் ஐயா சம்பந்தி வீட்டாரை வரவேற்கிற முகத்தோடு நின்றார். கண்ணப்பன் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "சரி, ஒங்க பலக ஜெயிச்சிருச்சு. சாயங்காலம் செக்காலைக்குப் போயி அந்த ரூமுச் சாவிய வாங்கிர்றேன்."

"ஏங்க, இன்னிக்குத்தான் இதச் சொல்லணுமா? சாப்டுட்டாவது போகக் கூடாதா?" என்றேன். அழுகை வந்தது. கையில் மைக் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

அம்மையாரை அழைத்தோம். புடவையை அவிழ்க்கக் கட்டியிருந்த கயிற்றை இழுத்தார். துணி வரவில்லை. புடவை பலகையோடு ஒட்டிப்போயிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை பலமாக இழுத்தார். துணி வந்தது. கூடவே முதல் எழுத்தும் வந்து 'ணங்' என்று ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விழுந்தது. மற்ற எழுத்துகள் எல்லாவற்றிலிருந்தும் பழுப்பாகச் சாறு இறங்கியிருந்தது. கொஞ்சம் அம்மையாரின் வெள்ளைப் புடவையிலும் தெறித்தது. பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கை தட்டினார்.

அடுத்த நிகழ்ச்சி என்ன என்று கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன். 'செயலாளர் உரை' என்றிருந்தது.

அம்மையார் மேலே பளபளத்த பழைய பலகையைப் பார்த்தார். கீழே புதியதைப் பார்த்தார். "உங்க நோக்கத்தை விரிவாக்கியிருக்கீங்கன்னு சொன்னாங்க. துருவையும் சேத்து விரிவாக்கியிருக்கீங்கன்னு சொல்லலையே," என்றார்.

பூமி பிளக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிளக்கவில்லை. சாத்தப்பன் ஐயா முன்னால் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பழுப்புச் சாற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஆணி இரும்பா, ஆத்தா?"

"ஆமாங்கய்யா."

"எழுத்து எவர்சில்வரு. மேல இருந்து உப்புத் தண்ணி. ஈரம் காயாம பட்டுச் சேல." அவர் குரலில் ஒரு பரவசம் ஏறிக்கொண்டே போனது. "அடடா! ஆய்வுக்கூடத்துல வச்சாக்கூட இவ்வளவு அருமையா வராது. இதத்தான் நாங்க துருன்னு சொல்றோம்!"

"ஐயா, ஒரு நிமிசம்," என்று கண்ணப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ரெண்டு உலோகம். நடுவுல உப்புத் தண்ணி. இதத்தான் நாங்க பேட்டரின்னு சொல்றோம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓர் உலோகம் தேய்ந்தால்தான் பேட்டரியில் மின்சாரம் என்பது இருவருக்கும் தெரிந்த பாடம்தான். ஒரே பலகையில், ஒரே நேரத்தில், இருவரும் சேர்ந்து நின்று அதைப் பார்த்ததில்லை. யாரோ ஓடிப்போய் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து மின் அளவுமானி எடுத்து வந்தார். ஆணியில் ஒரு கம்பியை ஐயா பிடித்தார். எழுத்தில் இன்னொரு கம்பியைக் கறை படிந்த புடவையோடு அம்மையார் பிடித்தார். முள் அசைந்தது. என் உரைக்கு விழுந்திருக்கக்கூடிய கைதட்டலைவிட அதற்கு அதிகமாக விழுந்தது.

அதன் பிறகு யாரும் நாற்காலிக்குத் திரும்பவில்லை. எந்த ஆணி முதலில் தேய்ந்தது என்று ஹைட்ரஜன்காரரும் பெயின்ட்காரரும் தோளில் கை போட்டுக்கொண்டு சண்டை போட்டார்கள். சமையல்காரர் மூன்றாம் முறை வந்து, "எல எல்லாம் வாடுது, சாப்ட வாரீகளா, இல்ல இந்தத் துருவையே திங்கப் போறீகளா?" என்று கத்தினார். பந்தியில் ஐயாவுக்குப் பக்கத்தில் கண்ணப்பன் உட்கார்ந்திருந்தார். இருவரும் வாழை இலையில் ரசத்தைத் தொட்டுச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தார்கள். செக்காலைச் சாவியைப் பற்றி அன்று சாயங்காலம் யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

இப்போது வாசலில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. ஊர் சிரிக்கவில்லை, கவனிக்கவே இல்லை. புதுப்பலகையை மறுபடி செய்தார்கள். ஆணி வாங்க என்னை அனுப்பவில்லை. துருப்பிடித்த பலகையைத் தூக்கிப் போடலாம் என்று கெஞ்சினேன். ஐயா விடவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஆய்வுக்கூடத்துச் சாம்பிளுக்கு ஒட்டுவதுபோல் 'உமையாள் மாதிரி' என்று என் பெயரையே எழுதி ஒட்டிவிட்டார். வருகிற மாணவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்றுதான் முதல் பாடம் கேட்கிறார்கள். நான் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை இத்தனை பேர் பார்த்ததில்லை.

போன மாதம் மகளின் பள்ளியிலிருந்து ஆசிரியை போன் செய்தார். அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று வகுப்பில் ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாராம். எங்கள் மகள் எழுந்து, "எங்க அப்பா பேட்டரி செய்யிறாக. எங்க அம்மா பேருல ஒரு துரு இருக்கு," என்றிருக்கிறாள்.

"வாழ்த்துகள் மேடம்! நட்சத்திரத்துக்குத்தான் மனுசங்க பேர வைப்பாகன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் ஆசிரியை. நன்றி சொல்லி போனை வைத்தேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர் கண்ணில் நீர் வர விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். அன்று பிரிந்து போக இருந்தாரே, அதே சங்கத்தின் இன்றைய தலைவர்.