அப்பாடா சொல்லாத அப்பாடா சார்

பாம்புக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மேனேஜருக்குப் பயப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லுக்குப் பயந்த மனிதர் உலகத்திலேயே எங்கள் அப்பாடா சார் ஒருவர்தான். கட்டட இன்ஜினீயர். தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் தினமும் என் எதிர் சீட். அவர் ‘அப்பாடா’ என்று சொல்லி யாரும் கேட்டதில்லை என்பதால்தான் அந்தப் பெயர்.

எனக்கோ தினமும் அந்தச் சொல் வேண்டும். படியேறி, இடிபட்டு, கைக்குட்டையை வீசி இடம் பிடித்து உட்காரும்போது தானாக வந்துவிடும்.

“சொல்லாதீங்க சார்” என்பார்.

“அதான் உக்காந்தாச்சே?”

“வண்டி கிளம்ப வேண்டாமா? ‘யப்பா’ன்னா அலுப்பு. ‘அம்மாடி’ன்னா மலைப்பு. ‘அப்பாடா’ அப்படி இல்ல. அது கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட். பில்டிங் முடியாம குடுக்கக் கூடாது.”

அவர் சொல்லி முடிக்கவும், அடுத்த பிளாட்பார வண்டிதான் முதலில் கிளம்பும் என்று அறிவிப்பு வந்தது. கூட்டத்தோடு ஓடினேன். பீச் வரைக்கும் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு போனேன். அவர் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை நெரிசலில் மாட்டிய எங்கள் ஷேர் ஆட்டோ, ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தது. “அப்பாடா, இனிமே ரோடு ஃப்ரீயா கீது” என்றார் டிரைவர். டயர் வெடித்தது. அப்பாடா சார் இறங்கி, துக்கம் விசாரிக்கிற குரலில், “ஏம்ப்பா, அதைப் போய் சொல்லலாமா?” என்று கேட்டார்.

டிரைவர் என்னிடம் திரும்பி, “இவரோட பேஜாரா கீது சார்” என்றார்.

அவர் வாயில் அதிகபட்சம் வருவது ‘பரவால்ல’தான். மழையில் தெருவில் நின்ற தண்ணீர் வடிந்தாலும் பரவால்ல, மகனுக்கு வேலை கிடைத்தாலும் பரவால்ல. எனக்கே அலுத்துவிட்டது.

“அப்ப எப்பதான் சார் சொல்லுவீங்க?”

“எல்லாம் முடியட்டும், பாக்கலாம்.”

சமீபத்தில் அவர் மனைவிக்கு இதயத்தில் ஆபரேஷன். பிழைப்பது கஷ்டம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். நான் வாயைத் திறந்தேன். அப்பாடா சாரின் கை வந்து பொத்தியது. அவர் பார்வை ஆபரேஷன் தியேட்டர் கதவை விட்டு நகரவில்லை. அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்.

“வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம் சார். ரசம் சாதம் சாப்பிட்டா. உப்பு இல்லன்னு என்னைத் திட்டினா. இப்ப தூங்கறா.”

“இப்பவாவது சொல்லுங்க சார்.”

போனில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு தணிந்த குரலில், “பழக்கம் இல்ல சார், வாயில வரமாட்டேங்குது. எனக்காக நீங்க சொல்லிடுங்களேன்” என்றார்.

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, நிதானமாக, “அப்பாடா” என்றேன். அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது.

மறுநாள் அவர் லீவு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எதிர் சீட்டில் கைக்குட்டை போட்டு வைத்தேன்.