சுவருக்குத் தண்ணீர் ஊற்றியவர்

சுவருக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அவரோடு நாலு வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தேன். காரைக்குடியில் பாசி வாத்தியார் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரரே யோசிப்பார்.

அறுபதுகளின் கடைசி. ஊரே குடத்தோடு நிற்கும் கோடையிலும் கிணற்றடிச் சுவரில் இருந்த பாசிக்குக் காலையில் ஒரு செம்பு தண்ணீர். "கருகிப் போச்சுன்னு நெனைக்காதீக. தூங்குது. தண்ணி பட்டா முழிச்சுக்கும்" என்பார். அப்படியே பச்சையாகிவிடும். அதுதான் எனக்கு எரிச்சல்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. இடப்பக்கம் அந்துப்பூச்சி, வலப்பக்கம் பாசி. எது உசத்தி என்று மார்க் போட்டு வந்தார். பாசிக்கு வேர் இல்லை, பூ இல்லை, இருந்தும் பிழைக்கிறது: மூன்று மார்க். அந்துக்கு இறக்கை இருந்தும் விளக்கில் போய் முட்டுகிறது: பூஜ்யம். அவருடைய ஒரே கம்பளிக் கோட்டை அந்துப்புழு தின்றபின் அதன் மார்க் மைனஸுக்குப் போனது.

"சொந்தக் கோபத்துல மார்க்கைக் கொறைக்கலாமா?" என்றேன்.

"கோட்டு ஒங்களுதா இருந்தாத் தெரியும்" என்றார்.

வயது முப்பத்தாறு. கல்யாண ஆசை நிறைய இருந்தது, பாவம். ஆனால் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த இரண்டு பெண் வீட்டாரும், செம்பும் கையுமாகச் சுவர் முன்னால் நின்றவரைப் பார்த்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். மூன்றாவதாகத் தேவகோட்டையிலிருந்து வருகிறார்கள் என்றதும் நான் நல்லது செய்யக் கிளம்பினேன். அவர் பள்ளிக்கூடம் போயிருந்தபோது பாசியைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்து வைத்தேன்.

வந்து பார்த்தவர் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் பெண்ணின் அம்மா வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஏன் மாப்பிள்ளை, மொகம் வாடிக் கெடக்கீக?"

"செவத்துல பாசி இருந்துச்சு. இவுக சொரண்டிட்டாக."

அந்த அம்மாள் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். மூன்றாவதும் போச்சு, அதுவும் என்னால்.

நாலாம் நாள் தேவகோட்டை பஸ் கண்டக்டர் ஒரு வாழையிலைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஈரப் பாசி. கூடவே பெண் எழுதிய சீட்டு: 'எங்கள் கிணற்றடியில் பெயர்த்தது. அம்மா எல்லாம் சொன்னார்கள். வாடவிடாதீர்கள்.' பாசிமேல் ஓர் அந்துப்பூச்சி, டிக்கெட் எடுக்காமல் வந்திருந்தது. வாத்தியார் பாசியைச் சுவரில் அப்பிவிட்டு நோட்டை எடுத்து, அந்துக்குப் பத்து மார்க் போட்டார்.

"இதுக்கு எதுக்குப் பத்து?"

"தொணைக்கு வந்துச்சுல்ல" என்றார்.

கல்யாணம் தேவகோட்டையில். மாப்பிள்ளை முந்தின நாளே போய்விட்டார். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டிய நான், சுவருக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனதில் பஸ்ஸை விட்டேன். தாலி கட்டுவதைப் பார்க்க முடியவில்லை. அதில் எனக்கு வருத்தமே இல்லை.