கிம் சார் தலையைச் சுற்றிய சுரைக்காய்

வாயை மூடிக்கொண்டிருந்தால் வம்பு வராது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒரு நாடகத்தையே போட்டு உடைத்தவன் நான்.

அப்போது துபாயில் ஒரு கொரியக் கட்டுமானக் கம்பெனியில் எனக்குப் புரொபேஷன் முடிகிற நேரம். மேனேஜர் கிம் சார் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் ஃபேமிலி விசா. என் மனைவி கீதாவும் எட்டு வயது மகள் நிலாவும் விசிட் விசாவில் வந்து, சத்வா பகுதியில் என்னுடைய ஒற்றை அறையில் இருந்தார்கள். அந்த விசா முடிய எட்டே நாள். கையெழுத்து வராவிட்டால் இருவரையும் திருச்சிக்கு விமானம் ஏற்ற வேண்டியதுதான். கிம் சாரோ தாளை மேஜையில் வைத்துக்கொண்டு "பார்க்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் கம்பெனியின் குடும்ப விழா. கொரியாவிலிருந்து ஒரு குழு வந்து, அவர்கள் ஊர் நாட்டுப்புறக் கதை ஒன்றை வசனமே இல்லாமல், முழுக்க உடம்பாலேயே நடிக்கப்போவதாகச் சொன்னார்கள். (வசனம் இல்லாத நாடகத்தை அதற்கு முன் நான் என் வீட்டில்தான் பார்த்திருக்கிறேன், கீதா கோபமாக இருக்கும் நாட்களில்.)

வாசலில் கதைச் சுருக்கம் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். அதை நிலாவிடம் தள்ளிவிட்டு, இருவரையும் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, முதல் வரிசையில் கிம் சாருக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்தேன். பிடித்தவன் மேடையையாவது பார்த்திருக்கலாம். நான் பார்த்தது கிம் சாரின் முகத்தை. அவர் சிரித்தால் சிரித்தேன். அவர் கண் கலங்கினால் நானும் கைக்குட்டையை எடுத்தேன். ஒரு குருவியின் கால் ஒடிந்தது, ஓர் ஏழை அதற்குக் கட்டுப் போட்டான், குருவி நன்றியாக ஒரு விதை கொண்டுவந்தது, அதில் காய் காய்த்தது என்பதெல்லாம் பிறகு நிலா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

திடீரென்று ஏழையாக நடித்தவர் கீழே இறங்கி வந்து, கிம் சாரையும் என்னையும் கையைப் பிடித்து மேடையில் ஏற்றினார். ஒரே கைதட்டல். என் கையில் பெரிய காய் ஒன்றைக் கொடுத்தார். காகிதக் கூழில் செய்த சுரைக்காயாம். ஆனால் வெள்ளையாக, உருண்டையாக, நம் கல்யாணப் பூசணியின் கூடப்பிறந்தது மாதிரி இருந்தது. பிறகு கிம் சாரைக் காட்டினார். விரலால் காற்றில் மூன்று வட்டம் போட்டார். உள்ளங்கைகளைச் சேர்த்துப் பட்டென்று பிரித்துக் காட்டினார். எதையோ எடுக்க உள்ளே ஓடினார்.

கையில் பூசணிக்காய், எதிரே பெரிய மனுஷன், சுற்று, உடை. அமாவாசைக்கு அமாவாசை கடை வாசலில் பூசணி உடைவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் என்ன வசனம் வேண்டும்? கொரியாவிலும் திருஷ்டி கழிக்கிறார்களே என்று எனக்குப் புல்லரித்தே விட்டது. கிம் சாரின் தலையை மூன்று முறை பக்தியோடு சுற்றி, ஓங்கி மேடையில் போட்டேன் ஒரு போடு.

உள்ளேயிருந்து தங்க நிறக் காசுகளும் பட்டுத் துணிகளும் குட்டி விளக்குகளும் சிதறின. ஒரு காசு முதல் வரிசை வரை உருண்டது. அந்த நேரம் பார்த்து அந்த நடிகர், இரண்டு பேர் பிடித்து இழுக்கும் பெரிய ரம்பத்தோடு திரும்பி வந்தார். மூன்று வட்டம் என்றால் நாங்கள் மூன்று பேராம்: நான் காயைப் பிடித்துக்கொள்ள, அவரும் கிம் சாரும் மெல்ல மெல்ல அறுக்க வேண்டுமாம். அதுதான் நாடகத்தின் உச்சக் காட்சியாம்.

அவர் காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்து அழுதார். நடிப்பா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூட்டம் இதுவும் கதைதான் என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டியது. கிம் சார் மட்டும் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரம்பத்தால அறுப்பாங்கன்னு பேப்பர்லயே போட்டிருந்துச்சேப்பா" என்றாள் நிலா. அறைக்கு வந்ததும் கீதா பெட்டியைக் கட்டில்மேல் வைத்துத் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அவர்கள் வருவதற்கு முன் அதே அறையில் ஒண்டியாகக் கஞ்சி வைத்துக் குடித்த நாட்களை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கிம் சார் கூப்பிட்டார். என் தலையைச் சுற்றி என்ன செய்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திருஷ்டியை விளக்கினேன். உங்கள்மேல் விழுந்த பொறாமைக் கண் அத்தனையும் காய்க்குள் போய்விட்டது, காய் உடைந்துவிட்டது, எல்லாம் முடிந்தது, கலாஸ் என்றேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அபுதாபி ஆபீஸில் ஒருவன் என் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் கண்ணும் போயிருக்குமா?"

"முதலில் போனதே அதுதான் சார்" என்றேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது நிலா கல்லூரிக்குப் போகிறாள். புது சைட் தொடங்கும்போதெல்லாம் பூசணிக்காயோடு வரச் சொல்லி கிம் சார் எனக்குத்தான் போன் செய்கிறார். வீட்டில் மட்டும் அந்த மரியாதை கிடையாது. சாம்பாருக்கு நான் நறுக்கித் தருகிறேன் என்று எழுந்தாலே கீதா பூசணிக்காயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டால் நிலா வாயே திறக்கமாட்டாள். விரலால் காற்றில் மூன்று வட்டம் போட்டுக் காட்டுவாள்.