தம்போலா மைக்கைப் பிடுங்கியது குறித்து மாமனார் எழுதுவது

நெரவி, காரைக்கால்,
டிசம்பர் 9.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை மணிபாரதி அவர்களுக்கு, மாமனார் சிவக்குமார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை தையல்நாயகியும் தரையில் நலமாக இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீங்களும் மகள் கவியாவும் உங்களைப் பெற்றவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கத் திருநள்ளாற்று ஈசனை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் முப்பத்தைந்தாவது திருமண நாளுக்கு ஐந்து நாள் உல்லாசக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்து கொடுத்த உங்கள் பெரிய மனதை நான் என்றும் மறக்க மாட்டேன். மறக்க முயன்றாலும் முடியாது.

நிற்க. கப்பல் கம்பெனிக்காரர்கள் உங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலை நீங்கள் எனக்கு அனுப்பி வைத்ததைப் படித்தேன். டிக்கெட் உங்கள் பெயரில் எடுத்ததால் என் குற்றப்பத்திரிகை உங்களுக்கு வந்திருக்கிறது. அதற்காக வருந்துகிறேன். நிகழ்ச்சியின் நடுவே மைக்கைப் பிடுங்கியது, மேசை விரிப்பைப் பாழாக்கியது, சாப்பாட்டுக் கூடத்தில் அனுமதியின்றி மருந்து வினியோகம் நடத்தியது, பயணிகளிடையே பீதியைக் கிளப்பியது என்று நான்கு குற்றங்கள். பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்காவிட்டால் அவர்களுடைய எந்தக் கப்பலிலும் எங்கள் இருவருக்கும் ஆயுளுக்கும் இடமில்லையாம். அதற்குக் கீழே நீங்கள், "மாமா, ஒரு சாரி எழுதிக் குடுத்துடுங்க, விஷயம் முடிஞ்சிரும்" என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை சொல்லை நான் இதுவரை தட்டியதில்லை. இப்போது தட்டுகிறேன். ஏன் என்பதை ஒழுங்காக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சென்னையில் ஏறும்போதே மழை தூறிக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்குக் கொடுத்தது ஜன்னல் இல்லாத உள் அறை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது. ஜன்னலுக்குப் பதிலாக ஒரு டிவி. அதில் ஒரு சேனலில் கப்பலுக்கு முன்னால் இருக்கும் கடலைக் காட்டுகிறான், கீழே கப்பல் போகிற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கும் ஓடுகிறது. உங்க அத்தை சீரியல் பாக்குற மாதிரி அதையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டா. மறுநாள் காலையில ஒலிபெருக்கியில ஒரு குரல், வானிலை காரணமா திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகலை, அதுக்குப் பதிலா மேல்தளத்துல பதினோரு மணிக்கு ஜும்பா நடனம்னு சொல்லுச்சு. திருகோணமலைக்குப் பதிலா ஜும்பா! மறுநாள் அம்பாந்தோட்டையும் போச்சு, அதுக்குப் பதிலா மாயாஜாலம். நான் விருந்தினர் கவனிப்புன்னு போட்டிருந்த மேசைக்குப் போனேன். டை கட்டின ஒரு பிள்ளை, சிரிச்ச முகம், அது பேரு ரித்தேஷ். "தம்பி, புயல் இப்ப எங்க இருக்கு, எந்தப் பக்கம் நகருது?"ன்னு கேட்டேன். "அங்கிள், என்ஜாய் பண்ணுங்க. அதெல்லாம் பிரிட்ஜுக்குத்தான் தெரியும்"னான். நான் பொதுப்பணித் துறையில முப்பத்திமூணு வருஷம் பாலம், மதகு, ஷட்டர்னு ஆத்தங்கரையிலயே கெடந்தவன். "எந்த பிரிட்ஜுப்பா?"ன்னு கேட்டுட்டேன். பின்னால நின்ன நாலு பேரு சிரிச்சாங்க. கேப்டன் நிக்கிற இடத்துக்கு அதுதான் பேராம். சரி, அந்த பிரிட்ஜைத்தான் காட்டுன்னேன். "பேசஞ்சர்ஸ் நாட் அலவ்டு அங்கிள்." இப்படித்தான் ஆரம்பிச்சுது மாப்பிள்ளை, நான் ஒண்ணும் சண்டை போடறதுக்குன்னு கப்பல் ஏறலை.

நம்ம பக்கத்து வீட்டு காஜா நஜ்முதீன் பாய்கிட்டதான் வீட்டுச் சாவியைக் குடுத்துட்டு வந்திருந்தேன். கப்பல் வைஃபை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை உசிரோட வரும், அந்த நேரத்துல அவருக்குப் போன் போடுவேன். "அண்ணே, துறைமுகத்துல மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்திட்டாங்க"ன்னாரு. மறுநாள் அஞ்சாம் நம்பர்னாரு. அதுக்கு மறுநாள், புயல் இலங்கையைத் தாண்டி நம்ம கரைக்கு வந்து நகராம நிக்குது, திருமலைராஜன் ஆறு கரை முட்டிப் போகுது, உங்க வாசல்ல முழங்கால் தண்ணி, ஃபிரிட்ஜைக் கட்டில் மேல ஏத்திட்டேன், டிவியை எங்க மாடிக்குக் கொண்டு போயிட்டேன், அண்ணிகிட்ட இப்ப சொல்லாதீங்கன்னாரு. நான் சொல்லலை. வானிலை அறிக்கையை அவரு வரி வரியா வாசிப்பாரு, நான் கப்பல் சாப்பாட்டு அட்டைக்குப் பின்னாடி குறிச்சுக்குவேன். டிவியில ஓடுற கணக்கையும் இதையும் சேத்து வச்சுப் பாத்தா விஷயம் தெளிவாயிடுச்சு. கப்பல் புயலைச் சுத்திக்கிட்டு அதுக்குப் பின்பக்கமா, இலங்கைக்குத் தெக்கால போயிக்கிட்டிருக்கு. அதாவது ஆபத்து இல்லை. ஆனா சென்னையும் இல்லை! சென்னையில துறைமுகமே மூடிக் கெடக்கு. இதை ஒரு வார்த்தை ஜனங்ககிட்ட சொன்னா என்ன? சொல்ல மாட்டேங்குறான். அஞ்சாம் நாள் இறங்க வேண்டிய ஜனம் பெட்டியைக் கட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, ஒலிபெருக்கியில "உங்கள் விடுமுறை இனிதே நீள்கிறது"ன்னு வருது. ஆயிரத்து இருநூறு பேரு ஆளுக்கொரு வதந்தி. எஞ்சின் போயிடுச்சுங்கிறான் ஒருத்தன், தண்ணி தீர்ந்துடுச்சுங்கிறான் இன்னொருத்தன், அந்தமானுக்குப் போறோம்னு ஒரு அம்மா அழுவுறாங்க. பீதியைக் கிளப்புனது யாருன்னு நீங்களே சொல்லுங்க.

ஆறாம் நாள் காலையில லிஃப்டுக்குப் பக்கத்துல உங்க அத்தை சுவத்தைப் புடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சுட்டா. புடிச்சு உக்கார வச்சேன். முகம் வேர்த்துப் போயிருக்கு. "என்ன செய்யுது தையலு?"ன்னா, "ஒண்ணுமில்லைங்க, கப்பல் ஆடுதுல்ல"ங்குறா. கப்பல் ஆடலை, அன்னிக்குக் கடல் சும்மாதான் கெடந்துச்சு. அப்பறம் மெதுவா சொல்றா. அஞ்சு நாளைக்குன்னு எடுத்துட்டு வந்த பிரஷர் மாத்திரை எண்ணிப் பாத்தா நாலுதான் இருந்துச்சாம், மூணாம் நாள்லேர்ந்தே அரை அரையா உடைச்சுப் போட்டுக்கிட்டாளாம், இப்ப அந்த அரையும் இல்லையாம். "ஏன்டி எங்கிட்ட சொல்லலை?" "சொன்னா நீங்க கப்பலைத் திருப்பச் சொல்லுவீங்க." 

கப்பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா வாசல்ல எழுபது பேரு வரிசை. எல்லாம் எங்க வயசு. சர்க்கரை, பிரஷர், தைராய்டு. அந்த மாத்திரை கையிருப்பு தீர்ந்துடுச்சு, கரைக்குப் போனதும் பாத்துக்கலாம்ங்கிறாங்க. எப்ப கரைக்குப் போவோம்னா, பிரிட்ஜுக்குத்தான் தெரியுமாம். மறுபடியும் பிரிட்ஜு! உங்க அத்தையை அங்கயே ஒரு நாற்காலியில உக்கார வச்சுட்டு நேரா பெரிய கூடத்துக்குப் போனேன். அங்க தம்போலாங்குற நம்பர் சீட்டு விளையாட்டு நடக்குது. ரித்தேஷ் மேடையில நின்னுக்கிட்டு நம்பர் சொல்லுது. நான் ஏறிப்போய், "தம்பி, அஞ்சு நிமிஷம் மைக்கைக் குடு"ன்னேன். "அங்கிள், ப்ளீஸ், கேம் முடியட்டும்"னான். வாங்கிட்டேன். பிடுங்கினதுன்னு எழுதியிருக்காங்க. நான் கேட்டேன், அவன் குடுக்கலை, நான் வாங்கிட்டேன். இதுக்கு என்ன பேரு வேணா வச்சுக்கட்டும்.

மேடையில இருந்த மேசை விரிப்பு நல்ல வெள்ளை. அதை உருவிப் பலகையில தொங்கவிட்டு, நம்பர் எழுதுற பேனாவால படம் போட்டேன். இலங்கையை ஒரு மாங்கா மாதிரி. மேல நம்ம கரை, அதுல காரைக்கால், பக்கத்துல புயல், கீழ கப்பல். "ஐயா, அம்மா, எல்லாரும் கேளுங்க. நான் காரைக்கால்காரன், எனக்குப் புயலைத் தெரியும். புயல் இங்க நிக்குது, நாம இங்க இருக்கோம். அது நம்மளை விட்டு விலகிப் போயிடுச்சு, யாரும் பயப்படாதீங்க. ஆனா சென்னை இப்போதைக்குக் கெடையாது. இன்னும் மூணு நாளாவது ஆகும். அதனால எல்லாரும் மாத்திரையை எண்ணிப் பாருங்க. இல்லாதவங்க கையைத் தூக்குங்க. கூட வச்சிருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க"ன்னேன். ஒருத்தர் கத்தலை, ஒருத்தர் ஓடலை. முதல் வரிசையில ஒரு பொண்ணு எழுந்திருச்சு வந்துச்சு. "சார், நான் இளவேனில், தஞ்சாவூர்ல நர்ஸா இருக்கேன். நீங்க பாட்டுக்குக் குடுத்துடாதீங்க, நான் டாக்டர் சீட்டைப் பாத்து, மில்லிகிராம் பாத்துத் தர்றேன்"னுச்சு. அந்தப் பொண்ணு இருந்த தைரியத்துலதான் எல்லாம் நடந்துச்சு. சாப்பாட்டுக் கூடத்துல மூணு மேசையைச் சேத்துப் போட்டோம். ஒரு மார்வாடி ஐயா ரெண்டு மாச மாத்திரையைப் பையோட கொட்டிட்டாரு. ஒரு கோழிக்கோட்டு அம்மா இன்சுலின் ஊசி மருந்தை ஐஸ் டப்பாவோட கொண்டாந்தாங்க. இளவேனில் ஒவ்வொரு சீட்டா பாத்து, பேரு எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் குடுத்துச்சு. சந்தேகமா இருந்ததைக் குடுக்கவே இல்லை. மத்தியானச் சோத்துக்குள்ள அறுபத்தெட்டு பேருக்குக் கெடச்சிடுச்சு. உங்க அத்தைக்கு அதே மாத்திரையே கெடச்சுது, குடுத்தது ஒரு சௌகார்பேட்டை நகைக்கடைக்காரரோட மனைவி. அதுக்கப்பறம் ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க, பாஷை ஒண்ணும் புரியலை, ஆனா பேச்சு நிக்கலை.

சாயங்காலம் கேப்டனே கீழ வந்தாரு. கோவாக்காரரு, நரைச்ச தாடி. கூடமே எழுந்து நின்னுச்சு. நான் போட்ட படத்துக்கு முன்னாடி வந்து கையைக் கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் எங்கிட்டேர்ந்து பேனாவை வாங்கி, கப்பல்னு நான் போட்டிருந்த புள்ளியை அடிச்சுட்டு, ஒரு கட்டைவிரல் அளவு மேக்கால தள்ளி ஒரு புள்ளி வச்சாரு. அங்கேர்ந்து தூத்துக்குடிக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்துல தேதியும் எழுதுனாரு. "இப்ப சரியா இருக்கு"ன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டுப் போயிட்டாரு. விரிப்பைப் பாழாக்குனதுல பாதி அவர் கைவேலை மாப்பிள்ளை, அவரையும் மன்னிப்புக் கேக்கச் சொல்லியிருக்காங்களான்னு விசாரிச்சுச் சொல்லுங்க. இந்தப் புகாரெல்லாம் கரையில ஏசி ரூம்ல உக்காந்திருக்கிறவன் எழுதுனது. அவன் அந்தக் கூடத்துல நின்னிருந்தா எழுதியிருக்க மாட்டான்.

கேப்டன் போட்ட கோட்டுப்படியே ஒன்பதாம் நாள் தூத்துக்குடியில இறக்கிவிட்டாங்க. அங்கேர்ந்து பஸ்ஸு. பஸ்ஸு சென்னைக்குத்தான் போகுமாம், டிக்கெட்டுல சென்னைன்னு இருக்காம். நான் திருச்சியில இறக்கிவிடுன்னேன். "சார், உங்க பயணம் சென்னையிலதான் முடியுது"ங்கிறான் பஸ்ஸுல வந்த கம்பெனி ஆளு. "தம்பி, என் வீட்டுல தண்ணி நிக்குது, நான் சென்னைக்குப் போயி என்ன பண்ண?"ன்னு கேட்டு, வாய் தவறி உங்க அத்தை முன்னாடியே உளறிட்டேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. "எனக்கு நாலு நாளா தெரியும், பாய் சம்சாரம் எனக்குப் போட்டோவே அனுப்பிருச்சு, உங்ககிட்ட சொன்னா நீங்க கடல்ல குதிச்சு நீந்துவீங்கன்னு சொல்லலை"ன்னா. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைச்சுக்கிட்டு நாலு நாள் ஒரே அறையில இருந்திருக்கோம். திருச்சியில இறங்கி, பஸ் மாறி மாறி வந்து, கடைசி மூணு கிலோமீட்டர் ரோட்டு மேல தண்ணி, டிராக்டர்ல நின்னுக்கிட்டே வந்து சேந்தோம். வீட்டுல தண்ணி வடிஞ்சு சேறுதான் இருந்துச்சு. பாய் குடும்பமே வாளியும் விளக்குமாறுமா நின்னுச்சு. பீரோ அடித்தட்டுல இருந்த சேலைங்க போச்சு, மத்ததெல்லாம் பாய் புண்ணியத்துல தப்பிச்சுது.

ஆகவே மாப்பிள்ளை அவர்களே, நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை. வெள்ளம் வரும்போது எங்கள் துறையில் முதல் வேலை ஊருக்குத் தகவல் சொல்வது, இரண்டாவது வேலைதான் மணல் மூட்டை அடுக்குவது. அதைத்தான் கப்பலிலும் செய்தேன். ஆயுள் தடை விதித்தால் தாராளமாக விதிக்கட்டும். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டி வைப்பேன். இனி என் ஆயுளில் எந்தக் கப்பலிலும் கால் வைக்கப் போவதில்லை, உங்கள் அத்தையையும் விடப் போவதில்லை. இதுவே என் முடிவான முடிவு. கம்பெனிக்கு இதை ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல் தெரிவித்துவிடுங்கள்.

மகள் கவியாவுக்கு எங்கள் ஆசிகள். சம்பந்தி அம்மாவுக்கும் ஐயாவுக்கும் என் பணிவான வணக்கத்தைச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் மழையில்லாத ஊரில், வற்றாத செல்வத்தோடு, நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்,
சிவக்குமார்.

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்தாள். முழுக்கப் படித்துவிட்டு, "எல்லாம் சரிங்க, யாரைக் கேட்டு என்னை விட மாட்டேன்னு எழுதுனீங்க?" என்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அடுப்புப் பக்கமே போகாமல், அடுத்த வேளைக்கு என்ன என்று யோசிக்காமல் இருந்தது அந்த ஒன்பது நாள்தானாம். புயல் இன்னும் நாலு நாள் நின்றிருந்தாலும் அவளுக்குச் சம்மதமாம். பிப்ரவரியில் சௌகார்பேட்டை அம்மாவும் இளவேனிலும் மறுபடி அதே கப்பலில் போகிறார்களாம், நான் வந்தாலும் வராவிட்டாலும் அவள் போகிறாளாம். எனவே மேற்படி கடிதத்தை யாருக்கும் காட்டாமல் கிழித்துவிடவும். மன்னிப்புக் கடிதம் தனியாக இணைத்துள்ளேன், இங்கிலீஷில் மாற்றி அனுப்பிவிடுங்கள். அதன் அடியில் வழக்கப்படி "தங்கள் உண்மையுள்ள" என்று போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர்கள் நம்ப வேண்டாம்.